மொட்டை மாடி சோலார் ஹீட்டருக்கு எந்த என்.ஆர்.வி., எங்கே மாட்டுவது

பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறது. வெந்நீர்க் குழாயில் சில நேரம் பச்சைத் தண்ணீர் வருகிறது. மாடியில் ஏர் வென்ட் பைப்பிலிருந்து (சோலார் டேங்கின் உச்சியில் காற்று போய்வரத் திறந்து வைத்த பைப்) தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, நல்ல வெயில் நாளில் கண்ணாடிக் குழாய் விரிசல் விடுகிறது. சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்த வீடுகளில் வரும் இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் பிளம்பர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு என்.ஆர்.வி. போட்டா சரியாயிடும்." என்.ஆர்.வி. என்றால் நான்-ரிட்டர்ன் வால்வு, தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விட்டு, திரும்பி வரவிடாத வால்வு. சில வீடுகளில் அதில் சரியாகவும் ஆகிவிடும். பல வீடுகளில் பழைய தொல்லை போய்ப் புதிதாக ஒன்று வந்து சேரும், வெந்நீர் நூல் மாதிரி வர ஆரம்பிக்கும். ஹார்டுவேர் கடையில் என்.ஆர்.வி. என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மோட்டார் லைனுக்குப் போடுகிற வகை, அது பம்ப் தள்ளும் வேகத்துக்குத் திறப்பதற்காகச் செய்தது. நம் சோலாருக்குக் கிடைப்பதோ ஓவர்ஹெட் டேங்கின் உயரம் தருகிற சொற்ப அழுத்தம். அதனால் இந்த வால்வைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்ப்பதைவிட, எவ்வளவு லேசாகத் திறக்கும் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

இங்கே நான் சொல்வது தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் பரவலாக இருக்கும் வகையைப் பற்றி: 100 முதல் 300 லிட்டர் வரை ஒரு டேங்க், அதில் நேராகச் செருகிய கண்ணாடிக் குழாய்கள், பம்ப் கிடையாது, ஓவர்ஹெட் டேங்கிலிருந்து தானாக இறங்கி வரும் தண்ணீர். காப்பர் பேனல் வைத்த வகைக்கும் பெரும்பகுதி பொருந்தும், மாறுகிற இடத்தில் சொல்கிறேன்.

வேண்டுமா வேண்டாமா என்று முதலில் பாருங்கள்

மாடிக்குப் போய், சோலார் டேங்குக்குள் பச்சைத் தண்ணீர் கொண்டுபோகும் பைப்பைக் கையோடு தொடர்ந்து போங்கள். ஓவர்ஹெட் டேங்கில் அதற்கென்று தனி அவுட்லெட் எடுத்து, வழியில் எந்தக் குழாய்க்கும் பிரியாமல் நேராக சோலாருக்கு வருகிறதா, இல்லை வீட்டுக்குள் இறங்கும் பச்சைத் தண்ணீர் லைனில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு அதிலிருந்து எடுத்திருக்கிறார்களா?

டீ போட்டிருந்தால் என்.ஆர்.வி. கட்டாயம் வேண்டும். கரண்ட் போய் மோட்டார் ஓடாத ஒரு நாளில் ஓவர்ஹெட் டேங்க் காலியாகிறது என்று வையுங்கள். கீழே யாரோ பாத்திரம் கழுவக் குழாயைத் திறக்கிறார்கள். மேலே தண்ணீர் இல்லாததால், சோலார் டேங்கின் அடியில் இருக்கும் இன்லெட் வழியாக வெந்நீர் திரும்பி வந்து, அந்த டீ வழியாக இறங்கி, பாத்திரம் கழுவுகிற குழாயில் கொட்டும். கை சுடுவது ஒரு பக்கம். சோலார் டேங்க் முழுக்க வடிந்த பிறகு கண்ணாடிக் குழாய்களுக்குள் மிச்சம் நிற்கும் தண்ணீர் வெயிலில் கொதித்து ஆவியாகிக் குறையும், வறண்டுபோன பகுதி 200 டிகிரிக்கு மேல்கூட ஏறும். மதியம் கரண்ட் வந்து மோட்டாரைப் போட்டதும் பச்சைத் தண்ணீர் அதன் மேல் போய் விழுந்தால் கண்ணாடி தாங்காது. "காரணமே இல்லாமல் டியூப் உடைந்தது" என்று சொல்கிற வீடுகளில் இந்த டீயைத்தான் முதலில் தேட வேண்டும்.

தனி லைன் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அந்தப் பைப்பில் கீழே திறக்கக் குழாய் எதுவும் கிடையாது, வெந்நீர் அவுட்லெட் டேங்கின் மேல்பகுதியில் இருக்கிறது, ஆகவே சோலார் டேங்க் வடிய வழியில்லை. சூடு பைப் வழியாக மெதுவாக மேலேறி ஓவர்ஹெட் டேங்குக்குப் போகாமல் இருக்க, இன்லெட் பைப் ஒருமுறை தரைமட்டம் வரை இறங்கி, பிறகு ஏறி டேங்குக்குள் போகும்படி ஒரு யு வளைவு கொடுத்தால் போதும். வெந்நீர் லேசானது, கீழ்நோக்கி இறங்காது. புதிதாக வீடு கட்டுகிறவர்களும் பைப் மாற்றப்போகிறவர்களும் வால்வுக்குச் செலவழிக்கும் முன் தனி லைன் இழுக்க முடியுமா என்று பாருங்கள், அதுதான் என் உறுதியான யோசனை. பைப்பில் அசைகிற பாகம் கிடையாது, உப்பு படிந்து ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லை, வருடா வருடம் கழற்ற வேண்டியதும் இல்லை.

இன்னொரு நிலைமை, பிரஷர் பம்ப் வைத்த வீடு. அதைக் கடைசியில் பார்ப்போம், அங்கே வால்வு மாட்டும் இடமே வேறு.

லேசாகத் திறப்பது ஏன் இவ்வளவு முக்கியம்

1 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார், அதாவது சுமார் 1.4 பிஎஸ்ஐ. கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. சிலவற்றைத் திறக்கவே அரை பிஎஸ்ஐ வேண்டும். அது 35 செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம்.

"என் வீடு இரண்டு மாடி, கீழ்க் குழாய்க்கும் டேங்குக்கும் 20 அடி இருக்கிறதே, 35 செ.மீ. போனால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் அந்த 20 அடியும் இன்லெட் வால்வுக்குக் கிடைக்காது. சோலார் டேங்கின் உச்சியில் ஏர் வென்ட் திறந்திருக்கிறது. கீழே வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் வென்ட் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் மட்டம் இறங்கும், அது வென்ட் சேரும் இடம் வரை இறங்கிவிட்டால் அதற்கு மேல் பச்சைத் தண்ணீரை உள்ளே இழுக்க எதுவும் இல்லை, காற்றுதான் உள்ளே வரும். ஆக இன்லெட் லைனுக்கும் அதிலுள்ள வால்வுக்கும் எல்போக்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும் மொத்தத் தள்ளுவிசை, ஓவர்ஹெட் டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கும் சோலார் டேங்கின் உச்சிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். டேங்க் நிறைந்திருக்கும்போது அது 1 மீட்டர் இருக்கலாம். அடிமட்டத்துக்குப் போகும்போது ஓரடிகூட மிஞ்சாத வீடுகள் நிறைய உண்டு. அந்த ஓரடியை ஸ்பிரிங்கே தின்றுவிட்டால் என்ன மிஞ்சும்?

இதன் அடையாளம் தெளிவாகவே தெரியும். டேங்க் நிரம்பியிருக்கும்போது வெந்நீர் நன்றாக வரும், பாதிக்குக் கீழே போனதும் காற்றும் தண்ணீருமாகக் கர்புர்ரென்று வரும், அப்புறம் நின்றே விடும், பச்சைத் தண்ணீர் மட்டும் எப்போதும்போல வரும். இப்படி இருந்தால் பைப்பில் அடைப்பு என்று தேடுவதற்கு முன் இன்லெட்டில் ஸ்பிரிங் என்.ஆர்.வி. இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வகை

மாடியில் இன்லெட் லைனுக்கு நான் பரிந்துரைப்பது சுவிங் வகை. உள்ளே ஒரு தகடு மேலே கீலில் தொங்கும், தண்ணீர் வந்தால் கதவு மாதிரி ஒதுங்கும், நின்றால் தானே சாயும். திறக்கச் சில செ.மீ. உயரத் தண்ணீர் போதும், திறந்தபின் பாதையும் அகலமாக இருக்கும். ஸ்பிரிங் இல்லாமல் வட்டத் தகடு மேலெழும்பிக் கீழே உட்காரும் வகையும் உண்டு, கடையில் ஹாரிசான்டல் என்.ஆர்.வி., வெர்டிகல் என்.ஆர்.வி. என்று தனித்தனியாகக் கொடுப்பார்கள். தகடு கனமில்லாமல் இருந்தால் அதுவும் பரவாயில்லை. ஆனால் வெர்டிகல் வகையை மேல்நோக்கிப் போகும் லைனில் மட்டும்தான் போடலாம், ஓவர்ஹெட் டேங்கிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் பைப்பில் போட்டால் தகடு திறந்தே தொங்கும். சுவிங் வகைக்கும் அதே விதி: படுக்கையாக, மூடி மேலே பார்த்தபடி, அல்லது தண்ணீர் மேலேறும் பைப்பில். இறங்கும் பைப்பில் எதையும் மாட்ட வேண்டாம். மாட்டி வைத்தும் வேலை செய்யாத என்.ஆர்.வி.க்களில் இப்படித் தலைகீழாகத் தொங்குபவை கணிசமாக உண்டு.

அளவில் தாராளமாக இருங்கள். லைன் முக்கால் இஞ்ச் என்றாலும் ஒரு இஞ்ச் வால்வு வாங்கி இரண்டு பக்கமும் ரெடியூசர் போடலாம், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

பொருள்: யுபிவிசி (பச்சைத் தண்ணீர் பைப்புக்கான பிளாஸ்டிக்) என்.ஆர்.வி. வேண்டவே வேண்டாம். அது ஏறக்குறைய 60 டிகிரி வரைதான், கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போன நாளில் சோலார் டேங்க் அதைச் சுலபமாகத் தாண்டும். பச்சைத் தண்ணீர் லைன்தானே என்று நினைக்கலாம், ஆனால் தகடு சரியாக மூடாத ஒரு நாளில் கொதிக்கும் தண்ணீர் முதலில் தொடுவது அந்த வால்வைத்தான். வெந்நீர் பைப்புக்கான பிளாஸ்டிக்கான சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். பித்தளையும் கன்மெட்டல் என்கிற வெண்கல வகையும் தாங்கும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீராக இருந்தால் சாதாரணப் பித்தளையைவிடக் கன்மெட்டல் நல்லது, ஏனென்றால் குளோரைடு மிகுந்த தண்ணீரில், அதுவும் சூடாக இருந்தால், பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்க்கொண்டே இருக்கும், மிஞ்சுவது செந்நிறமாக, பொத்துப்போன செம்பு. சிலவற்றின் உடலில் ஐ.எஸ். 778 என்று பொறித்திருக்கும், தண்ணீர் லைனுக்கான செம்புக் கலவை வால்வுகளுக்கு இந்தியத் தரநிலை அது. இருந்தால் அதையே வாங்குங்கள்.

தகடு உட்காரும் இடம் ரப்பரா மெட்டலா என்றும் கேளுங்கள். இங்கே திரும்பித் தள்ளும் அழுத்தம் குறைவு, அதனால் மெட்டல் மேல் மெட்டல் உட்காரும் வகை இறுக மூடாது, சொட்டுச் சொட்டாகக் கசியும். ரப்பர் என்றால் ஈபிடிஎம் வெந்நீருக்கு நன்றாக ஒத்துவரும், நைட்ரைல் ரப்பர் தொடர்ந்த சூட்டில் சீக்கிரம் கெட்டியாகிவிடும். ரப்பர் வைத்தது கிடைக்காமல் மெட்டல் சீட்தான் கிடைத்தது என்றால் கவலைப்பட வேண்டாம். இந்த இடத்தில் சொட்டுக் கசிவு பெரிய குறை இல்லை, சோலார் டேங்கை அது வடித்துவிடாது, இன்னும் சொல்லப்போனால் அடுத்து வரும் விஷயத்துக்கு அது ஒருவிதத்தில் உதவியும் செய்கிறது.

கடையிலேயே சோதித்துவிடலாம். அம்புக்குறி காட்டும் திசையில் வாயால் ஊதினால் முக்காமல் திறக்க வேண்டும், கன்னம் உப்ப ஊத வேண்டியிருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு அம்புக்குறியின் முனை மேலே பார்க்கும்படி நிறுத்திப் பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் நிற்க வேண்டும், ஒழுகிக் கொட்டினால் சீட் சரியில்லை.

என்.ஆர்.வி. போட்டால் வென்ட் சொட்டும், அதை அடைக்காதீர்கள்

இது பலருக்குத் தெரியாமல் இருப்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் சுமார் 2.6 சதவீதம் பெருகும். 200 லிட்டர் டேங்கில் அது 5 லிட்டர். என்.ஆர்.வி. இல்லாதபோது அந்த 5 லிட்டர் இன்லெட் வழியாகச் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து ஓவர்ஹெட் டேங்குக்கே போய்விடும். என்.ஆர்.வி. போட்ட நாளிலிருந்து அந்த வழி மூடிவிடுகிறது. மிச்சமிருப்பது ஏர் வென்ட் மட்டும். உள்விட்டம் ஒரு இஞ்ச் உள்ள பைப்பில் 1 மீட்டருக்கு அரை லிட்டர்தான் பிடிக்கும், ஆகவே வென்டை எவ்வளவு உயர்த்தினாலும் பெருகிய தண்ணீர் வழியத்தான் செய்யும். காலையில் எல்லோரும் குளித்து முடித்து டேங்கில் புதுத் தண்ணீர் ஏறிய நாளில், வெயில் ஏற ஏறக் குழாயை யாரும் திறக்காவிட்டால், வென்ட் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும். இது கோளாறு இல்லை. மதியம் சொட்டி மாலையில் நின்றால் வால்வு வேலை செய்கிறது என்றே அர்த்தம். இரவும் பகலும் ஓயாமல் ஊற்றினால்தான் வேறு காரணம், வென்ட் உயரம் போதவில்லை அல்லது பிரஷர் பம்ப் தண்ணீர் எங்கோ உள்ளே நுழைகிறது.

மாடி ஈரமாகிறது என்று வென்ட் நுனியில் எண்ட் கேப் போட்டு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த டேங்குகள் அழுத்தம் தாங்கச் செய்தவை அல்ல. ஒரு பக்கம் என்.ஆர்.வி., மறுபக்கம் அடைத்த வென்ட், நடுவில் பெருகும் தண்ணீரும் ஆவியும் என்றால் உள் டேங்க் உப்பும், வெல்டிங் விடும், மோசமான நாளில் வெடிக்கும். எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு: தண்ணீர் வடியும்போது காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் டேங்க் உள்நோக்கி நசுங்கிவிடும். வென்ட் பைப்பில் வால்வு கூடாது, நுனி ஓவர்ஹெட் டேங்கின் நிறைமட்டத்துக்குக் குறைந்தது ஓரடி மேலே இருக்க வேண்டும், கீழ்நோக்கி வளைத்து, ஆள் நடக்காத பக்கம் மழைநீர் வடிகுழாய் அருகே சொட்டும்படி விட வேண்டும்.

இது எல்லாம் திறந்த வென்ட் உள்ள டேங்குக்கு. பிரஷரைஸ்டு டேங்க் என்று விற்பது வேறு, அதற்கு சேஃப்டி வால்வும் விரிவைத் தாங்கும் தனிக் கலமும் வேண்டும், அதில் சொந்தமாகக் கை வைக்காமல் நிறுவனத்தின் ஆளை அழைப்பதே சரி.

மாட்டும் இடம்

முன்னால் சொன்ன யு வளைவின் அடிப்பகுதி, தரையை ஒட்டிப் படுக்கையாக ஓடுகிற அந்தத் துண்டுதான் இதற்கு ஏற்ற இடம். சூடு அங்கே இறங்காது, சுவிங் தகடு படுக்கையாக இருக்கும், ஏணி இல்லாமல் கை எட்டும். டேங்க் இன்லெட்டை ஒட்டி மாட்டாதீர்கள், சூட்டில் ரப்பர் சீக்கிரம் போகும்.

ஓவர்ஹெட் டேங்க் பக்கமிருந்து வரிசை இப்படி: முதலில் ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது), அடுத்து டீ போட்டு ஒரு சின்னக் குழாய், பிறகு என்.ஆர்.வி., பிறகு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), அதன்பின் இன்னொரு டீயில் ஒரு வடிகுழாய், பிறகு டேங்க். முதல் குழாய் வால்வைச் சோதிக்க. இரண்டாவது, சோலார் டேங்கை வடிக்க, ஏனென்றால் என்.ஆர்.வி. போட்ட பிறகு இன்லெட் வழியாகப் பின்னால் வடிக்க முடியாது. டேங்கிலேயே தனி டிரெயின் பிளக் இருந்தால் இரண்டாவதை விட்டுவிடலாம். யூனியனை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், அது இல்லையென்றால் வால்வைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் பைப்பை அறுக்க வேண்டும். சிபிவிசி லைனில் உலோக வால்வு சேரும் இடத்தில் பித்தளை மரை வைத்த அடாப்டர் போடுங்கள், பிளாஸ்டிக் மரை சூட்டில் தளர்ந்து கசியும்.

காப்பர் பேனல் வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பேனலுக்கும் டேங்குக்கும் நடுவே சுற்றும் லைனில் என்.ஆர்.வி. போடவே கூடாது. அந்தச் சுற்று வெந்நீர், பச்சைத் தண்ணீர் எடை வித்தியாசத்தில் மட்டும் ஓடுகிறது, கிடைக்கும் விசை மிக மிகக் குறைவு, எந்த வால்வும் அதை மட்டுப்படுத்திவிடும். ராத்திரியில் சூடு பேனலுக்குத் திரும்புகிறது என்றால் டேங்கை உயர்த்த வேண்டும், டேங்கின் அடி பேனலின் உச்சியைவிட ஓரடியாவது மேலே இருந்தால் தலைகீழ்ச் சுற்று பெரும்பாலும் நின்றுவிடும்.

பிரஷர் பம்ப் இருந்தால்

பம்ப் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சோலாருக்குப் பிரியும் டீக்கு முன்னால் இருந்தால், பம்ப் அழுத்தம் நேராக சோலார் டேங்குக்குள் போகிறது, வென்ட் பீய்ச்சி அடிக்கும். இதற்கு என்.ஆர்.வி. உதவாது, தண்ணீர் போவது அம்புக்குறித் திசையில்தானே. சோலார் லைனைப் பம்புக்கு முன்னாலிருந்து, முடிந்தால் டேங்கிலிருந்தே, தனியாக எடுப்பதுதான் வழி.

பம்ப் வீட்டுப் பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் என்றால் தொல்லை பாத்ரூம் மிக்சரில் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) வரும். மிக்சரில் இரண்டு பக்கமும் திறந்து வைத்து, கை ஷவரின் விசையை மட்டும் மூடி வைப்பார்கள். அழுத்தம் அதிகமுள்ள பச்சைத் தண்ணீர் மிக்சருக்குள்ளேயே வெந்நீர்ப் பக்கம் தாவி, வெந்நீர் லைனில் மேலேறி, சோலார் டேங்கைக் குளிர வைத்து, வென்ட் வழியாக வெளியே ஊற்றும். இதற்கு மிக்சருக்கு வரும் வெந்நீர் இணைப்பில் என்.ஆர்.வி. வேண்டும், ஒவ்வொரு பாத்ரூமிலும். இங்கே ஸ்பிரிங் வகையே சரி. கீழ்த்தளத்தில் உயரம் தரும் அழுத்தம் தாராளமாகக் கிடைக்கிறது, பைப் நின்றாலும் படுத்தாலும் ஸ்பிரிங் வேலை செய்யும். மாடிக்கு நேர்க் கீழே உள்ள பாத்ரூமுக்கு மட்டும் லேசான ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்குங்கள். சோலார் வெந்நீர் ஸ்டோரேஜ் கீசர் வழியாக வருகிற வீடுகளில் கீசரின் இன்லெட்டில் பெரும்பாலும் சேஃப்டி வால்வோடு சேர்ந்த என்.ஆர்.வி. ஏற்கனவே இருக்கும், அதன்மேல் இன்னொன்று போட்டால் தண்ணீர் வேகம் குறைவதைத் தவிர ஒரு பயனும் இல்லை.

மாட்டிய பிறகு

எல்லா வேலையையும் சூரியன் ஏறும் முன்போ இருட்டிய பிறகோ செய்யுங்கள், நடு மதியம் சோலார் தண்ணீரை நிறுத்தவே கூடாது. சோதனை எளிது. பால் வால்வை மூடுங்கள், அதற்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவிலுள்ள சின்னக் குழாயைத் திறங்கள். பைப்பில் நின்ற தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றால் வால்வு மூடுகிறது, சொட்டினால் பாதகமில்லை, விடாமல் ஓடினால் மூடவில்லை. முடிந்ததும் பால் வால்வை மறக்காமல் திறந்துவிடுங்கள்.

கடினத் தண்ணீர் ஊர்களில் வருடம் ஒரு முறை, கார்த்திகை மார்கழிக் குளிர் வருமுன், அந்த இரண்டு டீக்களின் வழியாக வண்டலை வடித்துவிட்டு யூனியனைக் கழற்றித் தகட்டைப் பாருங்கள். உப்பு படிந்திருந்தால் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம், உலோகத்தையே அரிக்கும். புதிதாக மாட்டிய வால்வு முதல் வாரத்திலேயே மூடவில்லை என்றால் மாற்றுவதற்கு முன் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சீட்டில் டெஃப்லான் டேப்பின் ஒரு துணுக்கோ பைப் அறுத்த தூளோ மாட்டியிருக்கும், துடைத்துவிட்டு மாட்டினால் மூடிக்கொள்ளும்.